சீயக்காய் டப்பாவில் எள்ளுருண்டை

அக்கா,

இன்று காலை ஒரு சத்தம் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் பேரன், மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறானே அவன், ராத்திரி வேலை முடிந்து வரும் வழியில் செகந்திராபாத் டேசன் பக்கத்து ஹோட்டலில் ஆட்டுக்கால் பாயா வாங்கி வந்து என் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தான். நான் தொடுவதில்லை, வாசனையோடு சரி. "குளிருக்கு இதான் பாட்டி மருந்து, இம்யூனிட்டி" என்றான். பாட்டி என்று சொல்ல வாயைத் திறந்தபோது உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு 'ப்ச்' என்று பிரிந்தன. ஆட்டுக்கால் பசை. அந்த ப்ச்! நான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் பிள்ளை பயந்துபோய், "க்யா ஹுவா பாட்டி?" என்று எழுந்து நின்றுவிட்டான்.

என்ன ஆனது என்று அவனிடம் எங்கே ஆரம்பிப்பது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போன பிறகு இதுதான் முதல் மார்கழி.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாலாகுடா குவார்ட்டர்ஸ் சமையலறையில் யார் யார் இருந்தோம் என்று சொல்கிறேன், தப்பு இருந்தால் வந்து திருத்து. மணைப்பலகையில் நம் மாமியார். அவர் மடியில் என் மகள் ருக்கு, மூன்று வயது. அடுப்புக்கு முன்னால் நீ. அம்மி பக்கத்தில் நான். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன். பின்வாசலில் பக்கத்து வீட்டு ஷரீபா, கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு. கடைசியாக மப்ளரைக் கழுத்தில் சுற்றியபடி உள்ளே வந்தவர் உன் புருஷன், எனக்கு மூத்தார், கோதண்டம். வேறு ஒருவரும் இல்லை. அன்று யார் என்ன நிறம் கட்டியிருந்தோம் என்றுகூடச் சொல்வேன். நீ பச்சை.

நிஜாம் ராஜ்ஜியத்து ரயில் பட்டறையில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வேலை கிடைத்ததும் வேலூரை விட்டு வந்தோம். அத்தை கல்சட்டி, முறம், இட்லிக்கொப்பரை எல்லாம் மூட்டை கட்டியபோது கூடவே ஒரு சட்டத்தையும் கட்டிக்கொண்டு வந்தார். எள்ளு சூடு. வெல்லம் சூடு. வேர்க்கடலை சூடு. பேரீச்சம்பழம் சூடு. பிள்ளைகளுக்கு விடிந்ததும் பழையதும் நீர்மோரும்தான். வேலூர் வெயிலில் அது நியாயம், நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே கல்லே வெடிக்கும். ஆனால் செகந்திராபாத் மார்கழியில் வாயைத் திறந்தால் புகை வருகிறது, குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கிறது, அப்போதும் அதே பழையது, அதே மோர். உலகச் சண்டைக்காலத்தில் ரேஷனில் சோளம் போட்டார்கள் அல்லவா? அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதைச் சுடச்சுட ரொட்டி தட்டித் தின்றார்கள். நம் அத்தை அதை எதிர்வீட்டுத் தெலுங்கம்மாவிடம் கொடுத்து அரிசியாக மாற்றி, அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்.

அதனால் என்ன? கார்த்திகை பிறந்தால் வீட்டில் இருமல். அத்தை ஆரம்பிப்பார், நான் எடுத்துக்கொள்வேன், பிறகு நீ, பிறகு உன் கொழுந்தன், மாசி வரைக்கும் கச்சேரி. இருமாதவர் ஒருத்தர்தான், கோதண்டம். அத்தைக்கு அதில் அத்தனை பெருமை. "என் பெரியவன் ஒடம்பு இரும்புடி. அவங்கப்பா ஒடம்பு. வந்த மருமவளுங்கதான் சொத்தை" என்பார். நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான்.

உன் பிள்ளை முருகேசன் இந்த ஊரின் முதல் குளிரைத் தாண்டவில்லை. நீ அதைப் பேசியதில்லை. நானும் இதற்கு மேல் எழுதவில்லை.

நாலாவது குளிரில் ருக்குவுக்கு நெஞ்சில் இழுப்பு வந்தது. முதுகில் காதை வைத்தால் உள்ளே பூனைக்குட்டி கத்துவது போல இருக்கும். அத்தை ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த ஊரு தண்ணி புள்ளைக்கு ஒத்துக்கல. பொங்கலுக்குள்ள தேறலன்னா நான் வேலூருக்குத் தூக்கினு பூடறேன். அங்க எம் பெரிய பொண்ணுக்குத்தான் புள்ள இல்லியே, அவகிட்டயே வளரட்டும்."

வளரட்டும் என்றால் திரும்பி வராது என்று அர்த்தம். உன் கொழுந்தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் குழாயடியில் போய் அழுதேன். நீ வந்து என் கையில் நறுக்கென்று கிள்ளினாய். அந்த இடத்தை இன்றும் காட்டுவேன்.

"அழுது இன்னா ஆவப்போவுது? பொங்கலுக்கு நாளு கீது. அதுக்குள்ள புள்ளயத் தேத்திடுவோம்."

"எப்படிக்கா?"

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஷரீபா தலை நீட்டினாள். ருக்கு கையில் மோர்ச் சோற்றுக் கிண்ணம். ஷரீபா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏ மா, இத்தி டண்டி மே பச்சி கூ டண்டா பாத் கைக்கு? நக்கோ தே!" இந்தக் குளிரில் குழந்தைக்குச் சில்லென்ற சோறா, கொடுக்காதே என்று அவள் வாயால் மட்டுமில்லை, கண்ணாலும் கையாலும் சொன்னாள்.

நீ அவளையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "கமலா, அத்தை சட்டம் தப்பில்லடி. ஊருதான் வேற. வெயிலுக்குப் போட்ட சட்டத்தக் குளுருல வெச்சினு கீறோம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நமக்குத் திருவிழா! எள்ளை வறுத்தால் தெருவே மணக்கும் என்று ஷரீபா அடுப்பில் வறுத்தோம். வெல்லம், சுக்கு, வேர்க்கடலை சேர்த்து நம் உரலில் இடித்தோம். இடிக்கிற சத்தத்துக்கு அத்தை "இன்னாடி அது?" என்றால், "மொளகாப்பொடி அத்தை" என்று நீ ரயில் என்ஜின் மாதிரி கத்துவாய். உருட்டியதை எங்கே ஒளிப்பது? அத்தை திறக்காத டப்பா வீட்டில் ஒன்றே ஒன்று, சீயக்காய் டப்பா. தூள் மூக்கில் ஏறினால் அவருக்குத் தும்மல் நிற்காது. உருண்டைகளைத் துணியில் முடிந்து அதற்குள் வைத்தாய். எத்தனை துணி சுற்றினாலும் வாசனை ஏறிவிட்டது. ருக்கு அதற்கு அவளே பெயர் வைத்துவிட்டாள், சீக்கா உருண்டை.

காலைப் பழையது ஷரீபாவின் ஆட்டுக்குப் போனது. "வீணாப் போச்சு அத்தை" என்று நீ சொல்லிவிட்டு, கேழ்வரகுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க எல்லாருக்கும் ஊற்றினாய். அடையில் முருங்கைக்கீரையை அள்ளிப் போட்டாய். நெல்லிக்காயைத் தட்டி மிளகு ரசத்தில் கலந்தாய், அத்தை இன்னொரு கரண்டி கேட்டுக் குடித்தார்! ருக்குவுக்கு மட்டும் ஷரீபா தன் வீட்டிலேயே முட்டை அவித்து, சுவருக்கு மேலாக ஊட்டுவாள். மாமனார் தீட்சை வாங்கிய சைவ வீடு நம்முடையது. முட்டை விஷயம் தெரிந்தால் தலை போகும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ மட்டும், "சுவரு நம்மது, மேல இருக்கற காத்து அவளதுடி" என்று சிரிப்பாய்.

தினமும் ருக்கு முதுகில் காதை வைப்பேன். பூனைக்குட்டி சத்தம் குறைந்தது. ஒரு நாள் இல்லவே இல்லை. ஓடி வந்து உன்னை இழுத்துப் போய்க் கேட்கச் சொன்னேன். நீ ரொம்ப நேரம் காதை எடுக்கவில்லை.

அப்புறம் அந்த ஞாயிறு. அத்தை மடியில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு என் சீமந்த புத்திரி கேட்டாள்:

"பாட்டி, சீக்கா உருண்ட குடு."

"இன்னாது?"

"சீக்கா உருண்ட. டப்பால கீது. பெரிம்மா வெச்சிகீறாங்க."

அத்தை எழுந்தார், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டப்பாவைத் திறந்தார், முடிச்சை அவிழ்த்தார். "எள்ளா? வெல்லமா? புள்ளைக்குச் சூட்ட ஏத்திக் கொல்லப் பாக்கறீங்க... ஹச்... ரெண்டு பேரும்... ஹச்!" அந்த நேரம் பார்த்து ஷரீபா அவித்த முட்டையோடு பின்வாசலில் வந்து நிற்கிறாள். அத்தை பார்த்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். முட்டை வழுக்கித் தரையில் உருண்டு, நேராக அத்தை காலடியில் போய் நின்றது.

அப்போதுதான் கோதண்டம் உள்ளே வந்தார். முட்டையைப் பார்த்தார். அத்தையைவிட அவருக்குத்தான் ஆவேசம் வந்தது.

"சைவ வூட்டுல முட்டையா? எங்கப்பா தீட்ச வாங்கின வூடு! எங்கப்பா இருந்திருந்தா... ஏய், ஒன்னத்தான்டி!"

"நாளைக்கே ரயிலு" என்றார் அத்தை, ருக்குவை இழுத்து இறுக்கிக்கொண்டு. "புள்ள இனிமே இந்த வூட்ல இருக்காது." உன் கொழுந்தன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீ அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாய். உன் முகத்தில் பயமே இல்லை. எதையோ காது கொடுத்துக் கேட்கிற முகம்.

"இன்னொரு தபா சொல்லுங்க" என்றாய் உன் புருஷனிடம்.

"இன்னாத்த?"

"எங்கப்பான்னு சொன்னீங்களே. அத்த."

"எங்கப்..." என்றார் அவர். ப்ச். "பா."

ஐயோ அக்கா! மீசை நுனிகூட ஒட்டிக்கொண்டு இருந்தது. நீ எழுந்து போய் அவர் கழுத்து மப்ளரை உருவி, முகர்ந்து பார்த்து, அத்தை கையில் கொடுத்தாய். அத்தை முகர்ந்தார். ஷரீபா வாசலிலிருந்தே மூக்கை உறிஞ்சி, "அரே, பாயா!" என்று கை கொட்டினாள். "ஹவ் மா, ஹர் இத்வார் ஜாத்தே. மேரே மியான் போலே."

"இன்னா சொல்றா அவ?"

"ஞாயித்துக்கெழம தவறாம போறாராம் அத்தை. அவ வூட்டுக்காரரும் அதே ஹோட்டல்தானாம்" என்றாய் நீ.

"குளுருக்குமா... பட்டறைல எல்லாருந்தான்..." ம வரும்போதும் ஒட்டியது, ப வரும்போதும் ஒட்டியது. மனுஷன் வாயைத் திறக்கவே பயந்தார்.

"எத்தினி வருசமாடா?" என்றார் அத்தை. அவர் சுவரைப் பார்த்தார்.

நீ குரலை உயர்த்தவே இல்லை. "நாலு குளுரா இந்த வூட்ல இருமாதவரு யாரு அத்தை? நீங்களே சொல்லுங்க."

நாலு என்றாய். அந்த நாலில் எந்தக் குளிர் முதலாவது என்று எல்லாருக்கும் தெரியும். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ருக்குவைத் திருப்பி அவள் முதுகில் காதை வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார். ருக்கு கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். அத்தை நிமிர்ந்து, முடிச்சிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, பாதியைக் கடித்தார். நாம் எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சீக்கா நாத்தம் அடிக்குது" என்றார். "வேற டப்பாவே கெடைக்கலியாடி ஒனுக்கு?" மீதிப் பாதியை ருக்கு வாயில் வைத்தார். பிறகு, "ஹச்!"

நான் உன்னைக் கட்டிக்கொண்டேன், நினைவிருக்கிறதா? ஷரீபா தன் முட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அத்தை பின்னாலேயே கத்தினார்: "அது ஒன் வூட்டோட இருக்கட்டும்! புள்ளய வேணா அனுப்பறேன்!"

ருக்கு வேலூருக்குப் போகவில்லை. அடுத்த கார்த்திகையில் அத்தையே எள்ளு வறுத்து, "இது எங்க வேலூரு பழக்கம்" என்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். என்ன துணிச்சல்! அதை நான் அவர் போகும்வரை சொல்லிக் காட்டினேன். பிறகு மன்னித்துவிட்டேன். தன் தப்பை எல்லார் எதிரிலும் கடித்து விழுங்கியவர் அவர். உன் கொழுந்தனும் அந்த வருஷம் அண்ணனோடு ஓரிரு முறை அந்த ஹோட்டலுக்குப் போயிருக்கிறார், அன்று சாயங்காலமே சொல்லி அழுதார். அவரை ருக்கு கல்யாணத்தன்று மன்னித்தேன். அதுவரை இழுத்தது சரியே.

ருக்கு இப்போது அவளே பாட்டி. நேற்று போனில் பேசினாள், நடுவில் ஒரு செருமல்கூட இல்லை. நான் இப்போதும் கார்த்திகைக்கு எள்ளுருண்டை பிடிக்கிறேன். இந்த வீட்டில் யாரும் சீயக்காய் தேய்ப்பதில்லை, ஷாம்புதான். அதற்காகவே ஒரு பொட்டலம் வாங்கி டப்பாவில் கொட்டி, உருண்டைகளைத் துணியில் முடிந்து உள்ளே வைக்கிறேன். பேரன் முகத்தைச் சுளிக்கிறான், ஆனால் தின்கிறான். அந்த வாசனை இல்லாவிட்டால் எனக்கு அது மருந்தாகத் தெரியவில்லை.

நீ அந்த மப்ளரை அன்றே துவைத்துக் கொடியில் போட்டாய். கடைசிவரை அவருக்குச் சோறும் போட்டாய். அது உன் மனசு அக்கா, நான் நடுவில் வரவில்லை. அவர் தின்றதற்கும் நான் கோபிக்கவில்லை. குளிர், தின்றார். ஆனால் முதல் குளிரில் நீ முருகேசனை மாரோடு கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் போய்விட்டு வந்திருக்கிறார். சூடாக ஏதோ உள்ளே போனால் உடம்பு நிற்கும் என்று இந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. பாயா கொண்டுவர வேண்டாம். "பிள்ளைக்குச் சூடாக ஏதாவது கொடு" என்று அந்த ஒட்டிய வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மற்ற எல்லாரையும் விட்டுவிட்டேன். ஒருத்தரை மட்டும் விட மாட்டேன். கோதண்டம்.