வாசல் காமிராவில் மூன்று பெண்கள்

அதிராம்பட்டினம்,
வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பின்.

என் கண்ணான மகள் சுமையாவுக்கு, உம்மா மெஹராஜ் பேகம் எழுதுவது. உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் அல்லாஹ் காப்பானாக.

என் அழுகையைக் கேட்டால் உனக்குப் பிரஷர் ஏறுகிறது, போன் வேண்டாம் என்று நீ சொன்னதால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு இர்ஃபானா டீச்சர் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். கண் விழித்ததும் படித்துவிடு.

வாப்பா மூன்று நாளாகப் பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்குப் போகவில்லை. கேட்டால் மழையாம். மழையாவது ஒன்றாவது! போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, சும்மா பயப்படாதே என்று என்னை அதட்டுகிறார்.

நம் ஊரில் கல்யாணமானாலும் பெண் உம்மா வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். உனக்கு மூத்தவள், ஆசியா லாத்தா, பெற்ற மூன்று பிள்ளைகளும் என் கண்ணெதிரில்தான். அதற்கே தஸ்பீஹ் மணியும் கையுமாக அலைந்தவள் நான். நீயோ அமெரிக்காவில். ஆஸிம் மாப்பிள்ளை வேலை என்று வேறு ஊருக்குப் போய் நான்கு நாள். எனக்கு விசாவும் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வாரத்துப் பிள்ளையோடு தனியாகக் கிடக்கிறாய்.

நான் தைரியமாக இருக்கட்டும் என்றுதான் உன் வாசல் காமிராவை என் போனிலும் தெரியும்படி செய்தாய். நேற்று அதில் மூன்று கறுப்பினப் பெண்கள். ஒரே மாதிரி ஊதா நிறக் கோட்டு, கையில் ஒரு பை. தனியாக இருக்கிறாள் என்று தெரிந்து எந்தத் திருட்டுக் கூட்டமோ வந்துவிட்டது என்று பதறி, “திறக்காதே, அல்லாஹ் மேல ஆணை” என்று உனக்குப் போன் போட்டுக் கத்தினேன். “கிளினிக்ல சொல்லி வந்தவங்க உம்மா, நான்தான் பேர் கொடுத்தேன்” என்று நீ சொன்னது காதில் ஏறவே இல்லை. அவர்கள் வெள்ளைக்காரிகளாக இருந்திருந்தால் கத்தியிருப்பேனா? மாட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்காக நீயும் திறக்கவில்லை; ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, பையை வைத்துவிட்டுப் போனார்கள்.

பைக்குள் பிரஷர் பார்க்கும் மிஷினோடு இருந்த கடிதத்தை நீ அனுப்பியிருந்தாயே, அதை இர்ஃபானா பள்ளிக்கூடம் விட்டு வந்து இப்போதுதான் தமிழில் சொன்னாள். நூறு வருடத்துக்கு முன், கறுப்புப் பெண்கள் கல்லூரிக்குள் கால் வைப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகள் சில பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கமாம். சேர்ந்துவிட்டால் சாகும்வரை சகோதரிகளாம். டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்களாம், ஓட்டுப் போடப் பயந்தவர்களுக்குத் துணைக்குப் போனார்களாம். இப்போது தனியாக இருக்கும் கர்ப்பிணிகளைத் தேடிப் போகிறார்களாம்.

எழுதியவர் பெயர் வெர்னெட்டா, ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் மகளுக்கும் தலைவலியில்தான் ஆரம்பித்ததாம். மாசமாக இருந்தால் அப்படித்தான், போய்ப் படு என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்களாம். மூன்றாம் நாள் பிள்ளை மட்டும்தான் மிஞ்சியது. கறுப்புப் பெண் வலிக்கிறது என்றால் காது கொடுப்பவர் குறைவு, கூடவே நின்று கேட்க வைப்பதுதான் எங்கள் வேலை என்று எழுதியிருக்கிறார்.

உனக்கும் இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது. நானும் அதையேதானே சொன்னேன், படுத்துக்கொள் என்று!

இனி எந்த முகத்தோடு அவர்களைக் கூப்பிடுவது என்று கேட்டாய். முகமாவது, மூக்காவது! பழியை என் மேல் போடு. “எங்க உம்மா விவரங்கெட்டவங்க, மன்னிச்சிக்குங்க” என்று சொல். இப்போதே மிஷினில் பார். எண் என்ன காட்டினாலும், கடிதத்தில் இருக்கும் நம்பரில் வெர்னெட்டாவைக் கூப்பிடு. வரத் தாமதமானால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடு, மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்காதே. நீ ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டாய் என்ற சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

தாயும் பிள்ளையும் சேதமில்லாமல் இரண்டு உயிராகப் பிரிய நாயன் அருள் செய்வானாக. உன்கூட வந்திருப்பது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். வெர்னெட்டாவைக் காட்டி, என் உம்மா என்று சொல்.

உன்னைப் பெற்றவள்,
மெஹராஜ் பேகம்