கப்பலுக்கே போல்ட்டு போட்டவருக்கு

அண்ணே,

அண்ணி உங்கள் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, செனாய் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததும் அந்தப் பசை வாடை. அடியில், நீங்கள் என் கணவரின் கட்டிலுக்கு மேலே மாட்டிய மரைக்கம்பி கிடந்தது. அதன் முனையில் பசை இன்னும் உறைந்திருக்கிறது. தேங்காய்த் துருவலில் புரட்டிய ஒண்டே-ஒண்டே உருண்டைப் பலகாரம் போல, சுற்றிலும் மரத்தூள். உங்கள் பசை மரத்தைப் பிடிக்கவே இல்லை. தூளைத்தான் பிடித்திருக்கிறது.

பக்கவாதம் வந்தபின் அவருக்கு ஒரு கைதான் வேலை செய்தது. அந்தக் கையால் மேலே ஒரு கைப்பிடியைப் பிடித்து, யார் துணையும் இல்லாமல் எழுந்து உட்கார வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நீங்கள் உத்தரத்தின் அடியில் பாதி ஆழத்துக்குத் துளை போட்டீர்கள். தூளை ஊதிக்கூடத் தள்ளவில்லை. பசையைப் பிழிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கம்பியைச் செருகினீர்கள்.

“முழுக்கத் துளைச்சு, மேல வாஷர் வச்சு நட்டு போடலாம்ணே,” என்றேன்.

“அதுக்கு சீலிங்க கழட்டணும். யாரு மேல ஏறுறது? அலமாக்! சிங்கப்பூர்ல கப்பலுக்கே போல்ட்டு போட்டவன் நான். டீச்சரம்மா எனக்குப் பாடம் எடுக்காதீங்க லா.”

பொறுமையாகத்தான் சொன்னேன். கனத்த கோட்டில் பொத்தானுக்குப் பின்னால், உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் வைத்துத் தைப்பார்கள். இழுத்தாலும் துணி கிழியாது. உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும். வாஷரும் அப்படித்தான் என்றேன். நான் முடிப்பதற்குள் நீங்கள் டீ கேட்டீர்கள்.

மறுநாள் காலை அவர் பிடித்து இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது. கட்டில் சட்டத்தில் இடித்துப் புருவம் கிழிந்தது. நீங்கள் வந்தீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நம்பினேன்.

“மாப்ள வெயிட்டு கூடிட்டாரு லா. சோத்தக் கொறைங்க.”

பிளாஸ்திரி ஒட்டிப் படுத்திருந்தவரைப் பார்த்துச் சொன்னீர்கள். கம்பியை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தலைக்கு மேலே எதையும் தொடவில்லை. என் தோளைப் பிடித்தே எழுந்தார். ஒவ்வொரு முறையும் “சாரி” என்றார். சாரி சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்கள் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று எல்லோரும் உங்களைக் கைராசிக்காரர் என்று சொல்லி அழுதார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் உங்கள் டிரில்லையே எடுத்தேன். சீலிங் பலகையைக் கழற்றி, இந்த வயதில் ஏணியில் ஏறினேன். உத்தரத்தை முழுக்கத் துளைத்துப் புதுக் கம்பியை விட்டேன். மேலும் கீழும் அகலமான வாஷர் வைத்து நட்டை இறுக்கினேன். அது கழலாமலிருக்க அதன்மேல் இன்னொரு நட்டு. கைப்பிடியை மாட்டி, முதலில் நானே தொங்கிப் பார்த்தேன். உத்தரத்தில் முனகல்கூட இல்லை.

கூடத்திலிருந்து கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்ததும் அவர் மேலே சந்தேகமாகப் பார்த்தார். “மச்சானோட டிரில்லு சத்தம் கேட்டுச்சே?”

“டிரில்லு அவரோடது. புத்தி என்னோடது. புடிங்க.”

வெகுநேரம் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தினார். பிடித்தார். இழுத்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் தோள் தேவைப்படவில்லை.

மூச்சு வாங்கியபடி கேட்டார். “மச்சான் இதப் பாத்தா என்ன சொல்லுவாரு?”

“‘மாப்ள வெயிட்டு கொறஞ்சிட்டாரு லா’ன்னு சொல்லுவாரு.”

கைப்பிடியை விடாமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பழைய கம்பியைக் குப்பையில் போட்டுவிட்டேன், அண்ணே. டிரில்லை வைத்துக்கொள்கிறேன், கோபத்தையும். இரண்டும் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன.