ஒரு பெயரை மட்டும் திறந்துவிடு

அன்புள்ள சோயுல் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். உல்லுங் தீவில் காற்றுதான் ஓயவில்லை.

தற்கொலை பற்றிய தளப்பெயர்கள் எதற்கும் வழி காட்டாதபடி, நான் கணினி பார்த்துக்கொள்ளும் பள்ளி விடுதியில், தளப்பெயருக்கு இணைய முகவரி தேடித் தரும் டி.என்.எஸ்.ஸில் வடிகட்டி போட்டிருந்தேன். செவ்வாயன்று ஹன்பியோல் என்ற மாணவி என் அறைக்கு வந்தாள்.

"சார், ஒரு பக்கம் திறக்கவே மாட்டேங்குது."

"எந்தப் பக்கம்மா?"

"சாகணும்னு தோணினா எங்ககிட்ட பேசுங்கன்னு சொல்ற பக்கம்."

அந்த உதவித் தளமும் தடைக்குள் சிக்கியிருந்தது. அவள் எதிரிலேயே அந்த ஒரு பெயரை மட்டும் திறந்துவிட்டேன். அவள் அதில் எழுதி, அவர்களிடமிருந்து பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு விடுதிக் காப்பாளரை அழைத்தேன். இப்போது அவள் தன் அம்மாவுடன் இருக்கிறாள், நீ கவலைப்படாதே.

கிம்ச்சியும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. நம் வீட்டிலும் இதே வடிகட்டிதான் இருக்கிறது. தளத்தின் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வடிகட்டியில் அந்தப் பெயரை மட்டும் சோயுலையே திறந்துவிடச் சொல். திறந்திருப்பது அவளுக்குத் தெரியட்டும்.

இந்தக் கடிதம் போகும் கப்பல் கிளம்பப்போகிறது.

சோயுல் அப்பா