மந்திரவாதியை மடக்கிய ஆட்டம்

12 ஜூலை 1963, வெள்ளி

பத்திரிகையில் வரும் மந்திரவாதிக் கதையைப் படித்துவிட்டு நானே உண்டாக்கிய ஆட்டம் அது. அத்தாவின் தோல் கடையில் மிஞ்சிய துண்டில் கட்டம் போட்டிருந்தேன். ஒருவருக்கு மந்திரவாதி, மற்றவருக்கு ஏழு ஜின் பூதங்கள். ஜின்கள் சுற்றி வளைத்துவிட்டால் மந்திரவாதி தோற்றான்.

எனக்கு நிச்சயம் செய்திருக்கும் மாமா மகன் காதர் மச்சான் வேடசந்தூரிலிருந்து வந்திருந்தார். விளையாடலாம் என்று அவர்தான் கூப்பிட்டார். மந்திரவாதியை எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்டம் தோற்றார். அண்ணன் என்னை அடுப்படிக்கு அழைத்தார்.

"அடுத்த ஆட்டத்த விட்டுக் குடுத்துரு. மாப்பிள்ள மூஞ்சி சுண்டிப் போச்சு."

திரும்பிப் போய், அவருடைய மந்திரவாதியை மூலையில் மடக்கினேன். மச்சான் டீயைக்கூடத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அழுதார். "நிச்சயம் நின்னு போனா என்னடி செய்வ?"

"ஆட்டத்துல தோத்ததுக்கே நிக்கிற நிச்சயம்னா நிக்கட்டும்மா."

நாளை அண்ணன் அங்கே போய் மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். கேட்கட்டும். நான் கேட்கச் சொல்லவில்லை.

மச்சானை எனக்குப் பிடிக்கும். அதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். ஆனால் வேண்டுமென்றே தோற்று அவரைப் பிடித்து வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.