அப்பாவுக்கு ஒரு கணப்பு

சுவால்கி, போலந்து, நவம்பர் 19

அன்பு மகள் எடிதாவுக்கு,

இயேசுவின் திருநாமம் போற்றப்படுவதாக. நார்வேயில் நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். நாலு வருஷமாக அப்படியே எழுதிவிட்டேன். இன்றைக்கு எழுத வரவில்லை.

அப்பா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட மார்பு, இப்போது செருப்பு மாட்டக் குனிந்தாலே விசில் அடிக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன். நீ என்ன ஏது என்பாய். அப்பா பேர் வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். அதனால்தான் காகிதம்.

டாக்டரம்மா நல்லவர். என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வேண்டாங்கல. ஆக்ஸிஜன் மெஷின் நாங்களே தர்றோம். ஆனா அது ஓடுற வீட்ல நெருப்புன்னு ஒண்ணு இருக்கக் கூடாது. அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட், எதுவும் கூடாது. ஒரு பொறி போதும்மா." வீட்டைப் பார்க்க டிசம்பர் முதல் வாரம் ஒரு ஆள் வருவாராம். அவர் சரி என்றால் அப்பா வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் வேறு ஊரில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, ஒரு அறைக்கு எட்டுக் கட்டில். அங்கே போய்த் திரும்பி வந்த யாரையும் நான் பார்த்ததில்லை.

நம் வீட்டைச் சுடவைப்பது அந்தப் பெரிய விறகு அடுப்பு ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். நேற்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. அடுப்பை அணைத்தால் வாளித் தண்ணீர் சமையலறையிலேயே உறைந்துவிடும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நெருப்பு இல்லாத வீட்டுக்கு என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போற? உருளைக்கிழங்கக் குழியில போட்டு மூடற மாதிரி மூடப்போறியா? அதுக்கு இங்கயே கெடந்துட்டுப் போறேன்" என்றார். அதோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இரண்டு நாள் நான் கொண்டுபோன சூப்பைப் பக்கத்துக் கட்டில்காரர்தான் குடித்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தன்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அடுப்பை இடித்துவிட்டு மின்கணப்பு வைக்கலாம், இந்தப் புகை அப்பாவைத் தின்கிறது என்றாய். விவாகரத்து ஆகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண்ணிடம் அவர் என்ன சொன்னார் என்பதும் மறக்கவில்லை. "தன் வீட்டு நெருப்ப அணைச்சுட்டு வந்தவ, என் வீட்டு நெருப்பையும் அணைக்க வந்துட்டா." நீ கோட்டை எடுத்துக்கொண்டு போனாய். நான் உன் பின்னால் வாசல்வரை வந்தேன். அதற்கு மேல் வரவில்லை. அது என் பிழை.

இப்போது கேட்கிறேன், வெட்கத்தைவிட்டுக் கேட்கிறேன். நேற்று உன் அத்தை ப்ரோன்காவின் காரில் போய்க் கடையில் அந்த மின்கணப்புகளைப் பார்த்தேன். கிங்கா என்று ஒரு பெண் பொறுமையாகக் காட்டினாள். ஒன்று சுவரில் தொங்கும் கண்ணாடி. ஊதாவும் பச்சையுமாகத் தழல் ஆடுகிறது, திருவிழாக் கடை மாதிரி. ஒன்று வெள்ளை மரச்சட்டம் வைத்தது, மேலே பீங்கான் பொம்மைகள் அடுக்கலாம், ரொம்ப அழகு. ஒன்றில் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பி, வெளிச்சம் பட்டு, சத்தியமாக நெருப்பேதான். கையை விட்டேன், ஈரமாக இருந்தது. கடைசியாக ஒன்று, கறுப்பு இரும்பு, கதவும் காலும் வைத்துப் பழைய அடுப்பு போலவே இருக்கிறது.

எது நன்றாகச் சுடும் என்று கேட்டேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாம் ஒண்ணுதான் பாட்டி. எதை வாங்கினாலும் ஒரு அறை சுடும், வீடு சுடாது. தழல் வெறும் விளக்கு. முதல்ல உங்க வீட்டு ஒயரு தாங்குமான்னு பாருங்க" என்றாள். கடைக்காரி இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? நடுக்கடையில் நின்று அழுதேன். ப்ரோன்கா, "அழுதா ஒயரு தடிச்சுடுமா? வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

நான்கின் படமும் இந்த உறையில் இருக்கிறது. பின்னால் அளவும் வாட் கணக்கும் கிங்கா எழுதியிருக்கிறாள். நீ தொழிற்சாலையில் மெஷின்களோடு இருப்பவள், உனக்குப் புரியும். எதை வாங்க வேண்டும் என்று எழுது. தாமதிக்காதே, எடிதா. எனக்குக் கேட்க வேறு யாரும் இல்லை.

கடவுள் உன் கைகளைக் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் அம்மா
லூத்மிலா


சுவால்கி, டிசம்பர் 9

அன்பு மகளே,

ஆண்டவருக்கு நன்றி. அப்பா வீட்டில் இருக்கிறார்.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். நீ எழுதிய ஒவ்வொன்றையும் செய்தேன். ஆவி எழுப்புவது வேண்டாம், ஈரம் நெஞ்சுக்கு எப்படி இருக்குமோ தெரியாது என்றாய், விட்டுவிட்டேன். விசிறி பலமாகச் சத்தம் போடாததாகப் பார், மெஷின் சத்தமே அவருக்குப் போதும் என்றாய்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதை வைத்துக் கேட்டேன். அந்தக் கறுப்பு இரும்புதான் வாங்கினேன். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் தட்டையான ஹீட்டர் தனியாக. இரண்டு பக்கம் முழுக்க ஒயரும் ஃபியூஸும் எழுதியிருந்தாய். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் குறை சொல்லவில்லை. சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியன் மியெதெக் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஒயரு எங்கப்பா பொறந்தப்போ போட்டது" என்றார். நாலு நாள் சுவர் முழுக்க வெட்டிப் புது ஒயர் இழுத்தார். ஆக்ஸிஜன் மெஷினுக்குத் தனி லைன். கணப்பும் கெட்டிலும் சேர்ந்து ஃபியூஸைத் தூக்கி எறிந்தாலும் மெஷின் நிற்காது. விறகு அடுப்பை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் வாயில் தகரம் வைத்து அடைத்தோம். அந்த நாலு நாளும் ஃபர் கோட்டோடு தூங்கினேன். வீட்டைப் பார்க்க வந்த ஆள் அந்தத் தகரத்தை மட்டும் இரண்டு தடவை பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் அவர் கையில் முத்தமிடப் போனேன். பயந்து பின்னால் போய்விட்டார், பாவம்.

எட்டுக் கட்டில் அறையைவிட வீடே மேல் என்று அப்பா கடைசியில் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து கணப்பின் முன்னால் வைத்தார்கள். மூக்கில் குழாய். நான் பொத்தானை அழுத்தினேன். தழல் எழுந்தது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, அது ஏதோ டிவி என்பது போல, "செய்தி எத்தனை மணிக்குப் போடுவான்?" என்று கேட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு உருண்டை ஒன்று முழுதாகச் சாப்பிட்டார். கையைக் கணப்பின் முன்னால் நீட்டிக்கொண்டு, "இத யாரு எடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். "பொய் சொல்லாத லூத்கா. உன்ன விட்டிருந்தா வெள்ளையா ஒண்ண எடுத்து மேல பொம்ம அடுக்கியிருப்ப" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவரும் மேலே கேட்கவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை, எடிதா. தூங்கும்வரை அங்கேயே நீட்டி வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு விடுமுறை உண்டா? வா என்று சொல்லவில்லை. உண்டா என்றுதான் கேட்கிறேன்.

அன்னை மரியாள் உன் துணை இருக்கட்டும்.

அம்மா


சுவால்கி, ஜனவரி 17

எடிதா, என் கண்ணே,

இதைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. ப்ரோன்காவின் பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு உங்கள் பக்கம் லாரி ஓட்டிப் போகிறார், அவர் கையில் கொடுக்கிறேன். தபாலை நம்பும் அளவுக்கு நேரம் இல்லை. போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். நீ "அம்மா" என்றதும் இரண்டு தடவையும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், குறுக்கே அழாமல்.

போன செவ்வாய்க்கிழமை பனி விழுந்து மரங்கள் கம்பிமேல் சாய்ந்துவிட்டன. காலை ஏழரைக்குக் கரண்ட் போனது. கணப்பு அணைந்தது, மெஷின் நின்றது. நீ சொன்னபடி தனி லைன் போட்டோம், எல்லா லைனிலும் கரண்டே இல்லாமல் போகும் என்று நம் யாருக்கும் தோன்றவில்லை. மெஷினோடு கொடுத்த சிறிய சிலிண்டரை மாட்டினேன். மூன்றரை மணி நேரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். மின்சார அலுவலகத்தில் போனை எடுத்த ஆள், "சாயங்காலத்துக்குள்ள வரலாம்மா, வராமலும் போகலாம்" என்றார். ஆம்புலன்ஸ் கேட்டேன். பாதை அடைத்துக்கிடக்கிறது, வண்டி கிளப்புகிறோம், நேரம் சொல்ல முடியாது என்றார்கள்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திமூன்று. பத்து மணிக்கு வீட்டுக்குள் வெறும் ஏழு டிகிரி. என்னிடம் இருந்த எல்லாப் போர்வையையும் அவர்மேல் போட்டேன், தலையில் உன் பழைய கம்பளித் தொப்பி. உதடு நீலமாகிவிட்டது. குளிரினாலா, மூச்சினாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் நடுங்க நடுங்கச் சிலிண்டரின் முள் சீக்கிரம் இறங்கியது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

அப்போது அவர் என் கையைப் பிடித்தார். "லூத்கா, அந்தத் தகரத்த எடு. அடுப்பப் பத்தவை" என்றார். ஆக்ஸிஜன் ஓடுகிறதே என்றேன். "அத மூடிடு. அது எப்படியும் ஒரு மணி நேரத்துல தீரப்போறது. குளிர்ல போக மாட்டேன்டி. சூட்டோட போறேன். முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் பிள்ளைங்களச் சுடவச்சேன், எனக்கு ஒரு தடவ நெருப்பு கெடையாதா?" என்றார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் கொட்டகைக்குப் போய் விறகு கொண்டுவந்தேன். தகரத்தை எடுத்தேன். விறகை அடுக்கினேன். கையில் தீப்பெட்டி. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தை மாதிரி ஆசையோடு. கடவுளே, சிலிண்டரை மூடித்தான் விடுவோமே, இந்த மனுஷன் கேட்டதைக் கொடுத்துவிடுவோமே என்று நினைத்தேன். நினைத்தேன், எடிதா. கொஞ்ச நேரம் இல்லை, முள் ஒரு கோடு இறங்கும்வரை நினைத்தேன்.

முடியவில்லை. தீப்பெட்டியைக் கதவைத் திறந்து பனியில் எறிந்தேன். அவர் என்னைத் திட்டினார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னார். மூச்சில்லாததால் பாதி வார்த்தைதான் வந்தது. நான் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டேன். எங்கே தீ என்றார்கள். தீ இல்லை, தீ இல்லாததுதான் பிரச்சினை என்று கத்தினேன். என்னைப் பைத்தியம் என்று போனை வைத்துவிடாமல் முழுதும் கேட்டான் அந்தப் பிள்ளை, அவனுக்குப் புண்ணியம்.

டிராக்டரின் பின்னால் ஜெனரேட்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஐந்து பேர் வந்தார்கள். முள் சிவப்பில் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. மெஷின் மறுபடி ஓடியபோது அப்பாவின் தலை என் தோளில் கிடந்தது. உயிர் இருந்தது. ஒரு ஆள் கணப்பின் பிளக்கையும் ஜெனரேட்டரில் சொருகிப் பார்த்து, "சூடு வேணாம், தாங்காது. தழல மட்டும் போட்டுவிடறேன், தாத்தா பாத்துக்கிட்டிருக்கட்டும்" என்றான். கண்ணைத் திறந்ததும் அவர் பார்த்தது அந்தச் சூடில்லாத வெளிச்சத்தைத்தான்.

மதியம் இரண்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அவர் போக மறுத்துவிட்டார். மறுநாள் டாக்டரம்மா தானே வீட்டுக்கு வந்தார். மார்பில் ரொம்ப நேரம் குழலை வைத்துக் கேட்டார். வாசலில் என்னிடம், "பிள்ளைங்க எங்க இருக்காங்க?" என்றார். நான் நார்வே என்றேன். "சொல்லிட்டீங்களா?" என்றார். நான் மின்னடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. கிறிஸ்துமஸ் விருந்தில் வழக்கம்போல, எதிர்பாராமல் வருபவருக்கென்று ஒரு காலித் தட்டு வைத்தேன். மனத்தாங்கலை விட்டு ஒருவரோடொருவர் பிட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய திருவிழா அப்பத்தை அப்பா என்னோடு பிட்டுத் தின்றுவிட்டு, மிச்சத்தை அந்தத் தட்டில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் எடுத்துக் கீழே போடவில்லை, அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தேன். நேற்றுக் காலை கணப்பைப் பார்த்தபடியே, "அந்த அடுப்பு விஷயத்துல அவ சொன்னது சரிதான். அவளுக்கு எழுதிடாத" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த அப்பம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "உறையில வை. உடையாமப் பாத்து மடி" என்றார்.

இதோ, மெல்லிய காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். எழுதாதே என்றதையும் எழுதிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் பேச்சை மீறுவது இதோடு இரண்டாவது தடவை. இரண்டும் இந்த மாதத்தில்.

உன் அறை சுத்தமாக இருக்கிறது. சமையலறை ஹீட்டரை அங்கே மாற்றிவிட்டேன், காலையிலேயே போட்டுவிடுகிறேன். விமானத்தில் கிதான்ஸ்க் வரை வந்துவிட்டால் ப்ரோன்கா காரோடு நிற்பாள். எந்த நேரமானாலும் நிற்கிறேன் என்றாள்.

பாதையெல்லாம் பனி, பத்திரமாக, நிதானமாக வா என்று எழுதத்தான் கை போகிறது. எந்த அம்மாவுக்கும் அப்படித்தான் போகும். எழுத மாட்டேன். ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ சீக்கிரம் வா.

உன் அம்மா
லூத்மிலா