இரட்சணியம் அடுத்த வருசப் பாடம்

அப்பு, மழை விட்டு இன்றைக்கு நல்ல வெயில். பெட்டித் துணிகளைக் காயப்போடலாமென்று திறந்தால் மேலேயே உன் வெள்ளை அங்கி. பூச்சி வராதிருக்க மடிப்புக்குள் ஏலக்காய்த் தோலைப் போட்டு வைத்தவள் நான்தான். அந்த மணத்தோடு நீயும் எழுந்து வந்துவிட்டாய். அத்தைக்கு வாய் ஓயாது என்று சிரிப்பாயே, சிரித்துக்கொள். இன்றைக்கும் பேசத்தான் போகிறேன்.

அண்ணன் போன பிறகு உன்னை வளர்த்து, சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பினேன். தத்துவம் முடித்து, தேவசாஸ்திரத்தில் ஒரு வருடம். வகுப்பிலேயே வலிப்பு வந்து விழுந்தாயாம். நம்மூர் சிலமலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் பங்குச் சாமியாரிடம் ஓடினேன்.

"பூசையில பாத்திரத்தத் தூக்குறப்ப விழுந்துட்டா என்னம்மா பண்றது? சட்டம் எடம் குடுக்காது" என்றார்.

நீ மலையேறி, ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் சோலிக்குப் போனாய். சுமைக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"சாமி, இந்த மூட்டைய மந்திரிச்சு விடுங்க, தானா மலையெறங்கிரும்."

"கூலியும் தானா எறங்கிப் போயிரும்ணே, பரவாயில்லையா?" என்றாயாம்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நடந்து வந்தோம். "படிச்ச வரைக்கும் போதாதா அப்பு?" என்று கேட்டேன்.

"சர்வேசுரன் ஒலகத்தப் படைச்சது, ஆதாம் பாவத்துல விழுந்தது, அது வரைக்கும்தான் அத்தே நடத்துனாங்க. இரட்சணியம் அடுத்த வருசப் பாடம்."

"மனுசர மீட்டதுதான? ஞானோபதேசக் கேள்வி பதில்லயே இருக்கே. நான் சொல்றேன், கேளு" என்று நடுரோட்டில் ஒப்பிக்க ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டாய்.

"இது எனக்கும் தெரியும் அத்தே. ஏன், எதுக்குன்னு அங்கதான் சொல்லுவாங்க. நான் பூசை வைக்க வேணாம். கடைசி பெஞ்சில ஒக்காந்து கேட்டுட்டு மட்டும் வந்துர்றேன். அதுக்குமா விட மாட்டாங்க?"

பங்குச் சாமியார் நல்லவர், உனக்காகக் குருமடத்துக்கு எழுதிப் போட்டார். காய்ப் பறிப்பு முடியும் வரை காத்திருந்தோம். நான் அங்கியை வெளுத்து நீலம் போட்டு வைத்தேன். ஒரு நாள் அவரே வீடு தேடி வந்து, உட்காராமலே சொன்னார்.

"குருப்பட்டம் வாங்கப் போறவங்களுக்குத்தான் அந்த வகுப்பாம். கேக்குறதுக்குன்னு யாரையும் சேக்குறதில்லையாம்."

"சரிங்க சாமி" என்றாய். அவர் போனதும், "அத்தே, அங்கிய உள்ள வச்சிருங்க" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த மழைக்கு, ஸ்டோருக்குப் பின்னால் ஓடையில் முகம் கழுவப் போனவன் வலிப்பு வந்து குப்புற விழுந்தாய். முழங்கால் அளவுகூடத் தண்ணீரில்லை. சுமைக்காரர்கள்தான் தூக்கி வந்தார்கள். அன்றைக்கு ஒருவரும் சாமி என்று கேலி பேசவில்லை. "தம்பி, தம்பி" என்றே அழுதார்கள்.

மோட்சத்தில் உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும் என்கிறார் பங்குச் சாமியார். தலையாட்டுகிறேன். தினமும் செபமாலை சொல்கிறேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஞானோபதேசமும் வாய்ப்பாடமாக வருகிறது, ஆதாம் விழுந்தது வரைக்கும். அடுத்த கேள்விக்குப் போனால் நடுரோட்டில் நின்று கேட்ட உன் முகம்தான் வருகிறது. பதில் எனக்குத் தெரியும் அப்பு. ஏன், எதுக்கு என்றால் தெரியாது.

அங்கியை உதறி, புதுத் தோல் போட்டு, மறுபடியும் மடித்து வைத்துவிட்டேன்.