காலி கேமரா

ஜூன் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே ஆம்பூர் பஜார். கேமராவில் இருந்த கறுப்பு வெள்ளை பிலிம் ரோலில் முப்பத்தாறு படமும் தீர்ந்துவிட்டது. சுற்றி எடுத்து டப்பாவில் போட்டேன். அப்போது சுந்தரி மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைப்பவள்.

“டீச்சர், வெள்ளிக்கெழம இவளுக்குக் கல்யாணம். தாலி ஏறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க. போன்ல எடுத்தா எங்கியோ போய்டுது. நீங்க காயிதத்துல குடுப்பீங்க.”

பூங்குழலி பவுடர் போட்டு வந்திருந்தாள்.

பையில் புது ரோல் இருந்தது. போஸ் கொடுக்கும் படத்துக்கு அதைப் பிரிக்க மனம் வரவில்லை. காலி கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்கினேன். “சூப்பர்” என்று வேறு சொன்னேன்.

ஜூன் 15

“வந்துச்சா டீச்சர்?”

“இன்னும் கழுவல சுந்தரி.”

ஜூன் 22

மறுபடி கேட்டாள். மறுபடி அதே பொய்.

ஜூன் 29

வேறு தெரு வழியாகப் போனேன்.

ஜூலை 6

வேலூர் கண்காட்சிக்கு என் படம் தேர்வாகியிருக்கிறது. தோலில் ஊசி இறக்கும் விரல்கள். சுந்தரியின் விரல்கள்தான். கேட்காமல் எடுத்தது. அவளே வந்து கேட்டபோது — சீ, என்ன ஜென்மம் நான்?

ஜூலை 13

சொல்லிவிட்டேன். பிலிமே இல்லை, சும்மா அமுக்கினேன் என்று. அவள் ஊசியை நிறுத்தவில்லை.

“தெரியும். நீ ரோல டப்பால போட்டத பாத்துக்கினுதான் வந்தேன். புதுசு போடுவன்னு நெனச்சேன். பொண்ணு எதிர்ல கேட்டா உனக்கு அசிங்கமா போய்டும்னு வுட்டேன்.”

“அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?”

“இன்னா சொல்றன்னு பாக்கத்தான்.”

இத்தனை வருஷத்தில் இன்றுதான் என்னை ‘நீ’ என்றாள். விரல் படத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 20

ஆடிக்குப் பூங்குழலி தாய் வீடு வந்திருக்கிறாள். கேமராவோடு போனேன். மூன்று வாரம் அலைந்து எடுத்த இருபத்தெட்டுப் படங்கள் உள்ளே இருந்தன.

“மொதல்ல தொறந்து காட்டு. ரோலு இருக்குதான்னு பாக்கறேன்” என்றாள் சுந்தரி.

வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு. அவளுக்கு அது தெரியாது. நான் சொன்னாலும் இன்னொரு சாக்காகத்தான் கேட்டிருக்கும்.

திறந்தேன். குனிந்து பார்த்தாள்.

“ம். இருக்குது.”

அதை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, அவள் கண்ணெதிரே புது ரோலைப் பிரித்து மாட்டினேன். முதல் படம், தாயும் மகளும். பூங்குழலி கழுத்தில் மஞ்சள் சரடு.